பாட்டு வெளிவந்த ஆண்டும் பாட்டைக் கேட்ட ஆண்டும்: பழைய பாடல்கள் எழுப்பும் தன்வாழ்வு நினைவுகள்

பழைய பாடல் ஒன்று காதில் விழுந்ததும், அதை முன்பு கேட்ட காலமும் இடமும் உடனிருந்த மனிதர்களும் அழையாமலே மனத்தில் எழுவது ஏன் என்னும் வினாவுக்கு நெடுங்காலமாக இரு வகையான விடைகள் கூறப்பட்டு வருகின்றன. இசையின் அமைப்பிலேயே, அதாவது சுரங்களின் போக்கிலும் தாளத்திலும் குரலின் தன்மையிலும், நினைவைக் கிளறும் ஆற்றல் உறைந்திருக்கிறது என்பது ஒரு விடை. இசை அங்கே ஓர் அடையாளக் குறியாக மட்டுமே நிற்கிறது, அதன் இடத்தில் ஒரு மணமோ பழைய சேலையோ இருந்தாலும் ஏறக்குறைய அதே விளைவு நேர்ந்திருக்கும் என்பது மற்றொரு விடை.

இரண்டாம் விடையைத் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் ழான் ழாக் ரூசோ முக்கியமானவர். 1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் அளித்த மருத்துவ ஆய்வேடு, பிறந்த மண்ணைப் பிரிந்தவர்களை வாட்டிய ஏக்கத்தை ஒரு நோயாகக் கொண்டு அதற்கு நாஸ்டால்ஜியா என்று பெயரிட்டது. அதன்பின் வந்த எழுத்துகளில், அயல்நாட்டு அரசர்களிடம் கூலிப்படையினராக இருந்த சுவிஸ் வீரர்கள் ஆல்ப்ஸ் மலை இடையர்கள் மாடுகளை அழைக்கும் மெட்டைக் கேட்டால் கண்ணீர் விட்டுப் படையை விட்டே ஓடிவிடுவார்கள் என்றும், ஆகவே அம்மெட்டை இசைப்பதே தடைசெய்யப்பட்டிருந்தது என்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. தடை எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்பது ஐயத்துக்குரியது. ஆனால் 1768இல் வெளியான தமது இசை அகராதியில் இச்செய்தியை எடுத்துக்கொண்ட ரூசோ, அதே மெட்டு அயலாரை அசைப்பதில்லை என்பதைச் சுட்டி, அங்கே இசை நினைவூட்டும் குறியாகவே வேலை செய்கிறது என்ற முடிவுக்கு வந்தார். சுவிஸ் மக்கள் பழைய எளிய வாழ்வின் மீதிருந்த பற்றை இழந்தபின் அம்மெட்டு அவர்களையே முன்போல் உலுக்குவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து உளவியல் ஆய்வுக்கூடங்களில் கிடைத்த முடிவுகள் பெரும்பாலும் ரூசோவின் பக்கமே சாய்கின்றன. ஆயினும் பாட்டு ஒரு குறி என்று சொல்லி நிறுத்திவிட்டால், ஒருவர் வாழ்நாளில் கேட்ட ஆயிரக்கணக்கான பாடல்களில் சில மட்டும் அத்தகைய குறியாக நிலைப்பதும் மற்றவை வெறும் தெரிந்த பாடல்களாக மங்கிப்போவதும் எதனால் என்பது விளங்காமலே நின்றுவிடும். இந்த வேறுபாட்டைப் பாடலின் தரத்தில் தேடுவதைவிட, அது எங்கே, எதன் வழியாக, எத்தனை முறை கேட்கப்பட்டது, அதன்பின் எவ்வளவு காலம் கேட்கப்படாமல் இருந்தது என்பவற்றில் தேடுவதே பயன் தரும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்த் திரைப்பாடல் வாய்ப்பான களம். ஏனெனில் திரையரங்கு, வானொலி, கோயில் ஒலிபெருக்கி, ஒலிநாடா, பேருந்து என அது மக்களை வந்தடைந்த வழிகள் பலவாக இருந்ததோடு, அவ்வழிகளில் பெரும்பாலானவை கேட்பவரின் விருப்பத்துக்கு உட்பட்டவையாகவும் இல்லை.

தன்வாழ்வு நினைவு என்பது, ஒருவர் தம் வாழ்வில் நேர்ந்தவற்றைத் தமக்கே நேர்ந்தவையாக உணர்ந்து மீட்கும் நினைவைக் குறிக்கும். எண்டல் டல்விங் 1972இல் வகுத்த பாகுபாட்டின்படி, குறிப்பிட்ட நேரத்தையும் இடத்தையும் சார்ந்த நிகழ்ச்சி நினைவு வேறு, உலகைப் பற்றிய பொது அறிவாகத் தங்கிவிட்ட பொருண்மை நினைவு வேறு. ஒரு பாடலைப் பாடியவர் பி. சுசீலா என்று அறிந்திருப்பது பின்னதைச் சேரும். அப்பாடல் ஒலித்த மாலையில் திண்ணையில் யார் அமர்ந்திருந்தார் என்பது முன்னதைச் சேரும். நினைவை எழுப்பும் எதற்கும் தூண்டுகுறி என்று பெயர். ஒரு குறி நினைவை எழுப்ப வேண்டுமானால், அந்நிகழ்ச்சி மனத்தில் பதிந்தபோதே அக்குறியும் அதனோடு சேர்ந்து பதிந்திருக்க வேண்டும் என்னும் கொள்கையை டல்விங்கும் டொனால்ட் தாம்சனும் 1973இல் முன்வைத்தனர். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து ஓல்கா வாட்கின்ஸ், மைக்கேல் வாட்கின்ஸ் ஆகிய இருவரும், ஒரே குறியோடு பிணைந்த செய்திகள் பெருகப்பெருக அவற்றுள் எந்த ஒன்றையும் எழுப்பும் வலிமை அக்குறிக்குக் குறைந்துகொண்டே போகும் என்று காட்டினர். இதைக் குறிச்சுமை விதி எனலாம். பாடல்களைப் பற்றிய ஆய்வுகளில் முதற்கொள்கை அடிக்கடி பேசப்படுகிறது. இரண்டாவது விதிக்கு உரிய இடம் தரப்படவில்லை என்றே தோன்றுகிறது.

வாழ்வின் எப்பகுதி நினைவில் அதிகம் எழுகிறது என்பதை முதன்முதலில் முறையாகப் பார்த்தவர் ஃபிரான்சிஸ் கால்ட்டன். 75 சொற்களைத் தாமே எழுதிவைத்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது தம் மனத்தில் எழுந்தவற்றைக் குறித்துக்கொண்ட அவர், அவற்றில் கணிசமான பங்கு தம் சிறுவயதையும் இளமையையும் சேர்ந்தது என்று 1879இல் எழுதினார். நூறாண்டுக்குப் பின், 1986இல், டேவிட் ரூபினும் அவருடைய உடனாய்வாளர்களும் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நடுவயதைக் கடந்தவர்களின் நினைவுகளில் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலம் அளவுக்கு மீறி இடம்பெறுவது தெளிவாயிற்று. வரைபடத்தில் அப்பகுதி மட்டும் உயர்ந்து நிற்பதால் இதை நினைவு மேடு என்று குறிப்பிடலாம். இசை விருப்பத்திலும் இதை ஒத்த ஒரு மேடு உண்டு என்று மாரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் ஆகியோர் 1989இல் கண்டனர். மக்கள் மிகவும் விரும்பியவை அவர்களுக்கு 23, 24 வயதாக இருந்தபோது புகழ்பெற்றிருந்த பாடல்கள்.

பாடலையே தூண்டுகுறியாகக் கொண்ட ஆய்வுகள் 2000க்குப் பிறகு பெருகின. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் பீட்டர் ஜனாட்டாவும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அவற்றுள் அடிப்படையானது. மாணவர்கள் 7 முதல் 19 வயது வரை இருந்த ஆண்டுகளில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இடம்பெற்ற பாடல்களின் சிறு பகுதிகளை அவர்களுக்குப் போட்டுக்காட்டியபோது, சராசரியாக நூற்றுக்கு 30 பாடல்கள் ஏதேனும் ஒரு தன்வாழ்வு நினைவை எழுப்பின. இந்த எண் பாட்டின் வல்லமைக்குச் சான்றாகவே பலரால் எடுத்தாளப்படுகிறது. அதையே திருப்பிப் பார்த்தால், இளமையில் ஊரெங்கும் ஒலித்த பாடல்களிலேயே நூற்றுக்கு 70 எந்தத் தனி நினைவையும் எழுப்பவில்லை என்றாகிறது. விளக்கம் தேவைப்படுவது இந்த எழுபதுக்குத்தான். கெல்லி ஜாக்குபோவ்ஸ்கியும் உடனாய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 82 வயது வரையுள்ள 470 பேருக்கு 1950 முதல் 2015 வரையிலான புகழ்பெற்ற பாடல்களின் பெயர்கள் தரப்பட்டபோது, அவர்கள் ஏறத்தாழ 14 வயதில் இருந்த காலத்துப் பாடல்களே தன்வாழ்வு நினைவுகளோடு மிகுதியும் பிணைந்திருந்தன.

இசைக்குத் தனிச்சிறப்பு உண்டா என்ற நேர்ச் சோதனைகளின் முடிவு, பொதுவாக எழுதப்படுவதைக் காட்டிலும் அடக்கமானது. ஏமி பெல்ஃபியும் உடனாய்வாளர்களும் 2016இல் பாடல்களையும் புகழ்பெற்ற மனிதர்களின் முகங்களையும் ஒப்பிட்டபோது, முகங்களே அதிக எண்ணிக்கையில் நினைவுகளை எழுப்பின. ஆனால் பாடல்கள் எழுப்பிய நினைவுகளில் காட்சி, ஒலி போன்ற புலன்சார் நுணுக்கங்கள் மிகுந்திருந்தன. சொற்களோடும் அன்றாட ஒலிகளோடும் ஒப்பிட்ட மற்றொரு சோதனையில், இசை எழுப்பிய நினைவுகள் எண்ணிக்கையில் குறைந்தும் இனிமையில் மிகுந்தும் இருந்தன. ஆக, பாடல் எளிதில் நினைவைத் தருவதில்லை, தரும்போது நிறைவாகத் தருகிறது என்று கொள்வதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

நினைவு வராமல் உணர்வு மட்டும் வரும் நிலையையும் இங்கே கருத வேண்டும். காளிதாசரின் சாகுந்தல நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தில், அரண்மனையின் உட்பகுதியிலிருந்து ஹம்சபதிகையின் பாட்டு கேட்கிறது. சாபத்தால் சகுந்தலையை மறந்திருக்கும் துஷ்யந்தன், பிரிவு எதுவும் இல்லாதபோதும் தன் மனம் ஏன் இப்படித் தவிக்கிறது என்று வியந்து, முற்பிறவியின் அன்பு அறியாமலே நினைவில் எழுகிறதோ என எண்ணுகிறான். பாட்டு உணர்வை எழுப்பியது, அந்த உணர்வுக்குரிய நிகழ்ச்சியை எழுப்பவில்லை. காஷ்மீரத்து அபிநவகுப்தர் இச்செய்யுளை எடுத்துக்கொண்டு சுவைக் கொள்கையை விளக்கியதற்கும், இது நினைவு போலிருந்தும் வழக்கமான நினைவாக இல்லாததே காரணம். ஆய்வுக்கூடங்களில் ஏக்க உணர்வு உண்டா என்றும் குறிப்பிட்ட நினைவு எழுந்ததா என்றும் தனித்தனியே கேட்கும்போது, முன்னதற்கு ஆம் என்றும் பின்னதற்கு இல்லை என்றும் சொல்பவர்கள் இருப்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதாலேயே பழைய பாடல்களைப் பற்றிய பல எழுத்துகள் தெளிவிழக்கின்றன.

பாடலில் எந்தக் கூறு குறியாகச் செயல்படுகிறது என்பதற்கு வியப்பூட்டும் விடை கிடைத்துள்ளது. கிளென் ஷெல்லன்பர்க்கும் உடனாய்வாளர்களும் 1999இல், புகழ்பெற்ற பாடல்களின் பகுதிகளை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் ஒலிக்கச் செய்தபோதும் கேட்டவர்கள் அவற்றை அடையாளம் கண்டனர். அவ்வளவு குறுகிய நேரத்தில் மெட்டோ சொல்லோ வெளிப்பட இடமில்லை. எஞ்சியிருப்பது ஒலிநிறம், அதாவது ஒரே சுரத்தை வீணையிலும் குழலிலும் கேட்டாலும் இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் அந்த இயல்பு மட்டுமே. மனத்தில் பதிந்திருப்பது மெட்டின் சட்டகத்தை மட்டும் கொண்டதன்று, ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவே முழுதாகப் பதிந்திருக்கிறது என்று இதனால் தெரிகிறது. அதே பாடலை இன்று தொலைக்காட்சி மேடையில் ஓர் இளம் பாடகர் பிசகின்றிப் பாடினாலும், மூத்த தலைமுறையினர் அதைப் பாராட்டிவிட்டுப் பழைய பதிவைக் கேட்க விரும்புவதற்கு இதுவே காரணமாகலாம். விசுவநாதன்–ராமமூர்த்தி காலத்துப் பாடல்களின் தொடக்க இசையும் இடையிசையும் அக்கால ஒலிவாங்கிகளின் தன்மையோடும் இசைத்தட்டின் கரகரப்போடும் சேர்ந்தே கேட்கப்பட்டவை. அவற்றைத் துப்புரவாக்கி மீண்டும் வெளியிடும்போது அழகு கூடலாம், குறி குறைகிறது.

இனி, மேற்கண்ட ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் உள்ள ஒரு மறைமுகக் கருதுகோளைப் பார்க்க வேண்டும். ஒரு பாடல் வெளியான ஆண்டே அதைக் கேட்ட ஆண்டு என்று அவை எடுத்துக்கொள்கின்றன. விற்பனைப் பட்டியல் வாரந்தோறும் மாறும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அது ஓரளவு பொருந்தலாம். தமிழ்த் திரைப்பாடலுக்குப் பொருந்தாது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ் 1944இல் வெளியாகிச் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நகரத்தில் ஓடி முடிந்த படங்கள் தாலுகா ஊர்களுக்கும், அங்கிருந்து டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கீற்றுக் கொட்டகைகளுக்கும் போய்ச் சேரப் பல மாதங்களோ ஆண்டுகளோ ஆயின. ஒரே படம் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே கொட்டகைக்கு வருவதும் உண்டு. எனவே மதுரையில் ஒருவருக்குப் பள்ளிப் பருவத்துப் பாட்டாக இருந்தது, முப்பது மைல் தள்ளியிருந்த சிற்றூரில் இன்னொருவருக்குத் திருமணத்துக்குப் பிந்திய பாட்டாக இருந்திருக்கக்கூடும்.

வானொலி இந்தக் கலப்பை மேலும் பெருக்கியது. 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானபின் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை வெகுவாகக் குறைத்தது. செவ்வியல் இசையே மக்களைப் பண்படுத்தும் என்பது அவருடைய எண்ணம். அந்த இடத்தைக் கொழும்பிலிருந்து இயங்கிய ரேடியோ சிலோன் நிரப்பியது. இரண்டாம் உலகப்போரில் நேசநாட்டுப் படைகளுக்காக அமைக்கப்பட்ட ஒலிபரப்பி அதற்கு வாய்த்திருந்தது. டெல்லி தன் தவறை உணர்ந்து 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதியைத் தொடங்கிய பின்னரும், தென் தமிழகத்து வீடுகளில் காலைப் பொழுதை இலங்கை வானொலியே தொடங்கிவைத்தது. 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய அந்நிலையத்தின் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் பாடல்களைவிடக் குறையாமல் நினைவுகூரப்படுகின்றன. பாடல் இன்ன நேரத்தில் இன்னாருடைய அறிவிப்புக்குப் பின் வரும் என்ற ஒழுங்கினால், ஒரு பாட்டு ஓர் ஆண்டோடு பிணைவதைவிட நாளின் ஒரு பொழுதோடும் அப்பொழுதுக்குரிய வேலையோடும் பிணைந்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரமும் அடுப்படிப் புகையும் அதில் அடங்கும். இவ்வாறு எழும் நினைவு ‘அந்த நாட்களில் காலை வேளைகளில்’ என்று தொடங்குமே தவிர, ‘அன்று’ என்று தொடங்குவது அரிது. மீண்டும் மீண்டும் நேர்ந்தவை ஒன்றாகத் திரண்ட இத்தகைய நினைவை உளவியலார் பொது நிகழ்ச்சி நினைவு என்பர்.

அந்நிலையம் ஒலிபரப்பிய ‘இசையும் கதையும்’ என்ற நிகழ்ச்சி இங்கே தனியாகக் குறிப்பிடத் தக்கது. நேயர்கள் எழுதியனுப்பிய கதையை அறிவிப்பாளர் வாசிக்க, கதையின் திருப்பங்களில் அவற்றுக்குப் பொருந்தும் திரைப்பாடல்கள் ஒலிக்கும். காதல், பிரிவு, குடும்பச் சுமை என்று ஒருவர் வாழ்வின் கட்டங்களைப் பாடல்களால் அடுக்கிச் சொல்லலாம் என்ற மாதிரியை இது ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பழக்கியது. பாட்டு நினைவை எழுப்புகிறது என்று மட்டுமே ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். தம் வாழ்வை நினைக்கும் முறையையே பாடல்களிடமிருந்து ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது என்ற மறுதலைக் கோணம் பெரிதும் ஆராயப்படாமல் கிடக்கிறது.

திரைப்பாடலுக்குக் காட்சி என்ற உடன்பிறப்பு இருப்பதும் தனித்த சிக்கல். படத்தைப் பார்க்குமுன் வானொலியில் பாட்டைக் கேட்டவரிடம் அப்பாட்டு தனக்கென ஒரு காட்சியின்றி நுழைந்து, அவருடைய சொந்தச் சூழலைக் காட்சியாக்கிக்கொண்டது. பின்னர் படத்தைப் பார்க்கையில் அவர்களுள் பலர் ஏமாந்ததாகச் சொல்வதன் காரணமும் இதுவே. தூர்தர்ஷன் வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சியை வழங்கத் தொடங்கிய பிறகு வளர்ந்தவர்களுக்கு நடிகர்களின் முகமும் பாட்டும் பிரியாமல் வந்து சேர்ந்தன. குறிச்சுமை விதியின்படி பார்த்தால், திரைக்காட்சியும் ஒரு சுமைதான். கேட்பவரின் சொந்த நினைவோடு அது போட்டியிடுகிறது.

அவ்விதி தன் முழுவலிமையோடு வெளிப்படுவது திருவிழா ஒலிபெருக்கியில். குழாய் வடிவ ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கட்டி நாளெல்லாம் பாடவிடும் வழக்கம் ஊரில் எவரையும் விட்டுவைக்கவில்லை. எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்கள் ஆடி மாதத்தையும், நாகூர் ஹனிபாவின் பாடல்கள் கந்தூரி நாட்களையும், சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாடல் பல ஊர்க் கொட்டகைகளில் படம் தொடங்கப்போவதையும் அறிவித்தன. ஆண்டுதோறும் திரும்பி வந்த இப்பாடல்கள் ஒரு பருவத்தின் முழுச் சூழலையும் உடனே கொண்டுவருகின்றன. ஆனால் எந்த ஆண்டின் திருவிழா என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. பண்ணைப் பொழுதோடு பிணைக்கும் இவ்வழக்கம் தமிழில் மிகப் பழையது. வள்ளல் நள்ளியின் கொடையால் வறுமை நீங்கிய பாணர்கள், காலைக்குரிய மருதப்பண்ணை மாலையிலும் மாலைக்குரிய செவ்வழியைக் காலையிலும் இசைத்து முறை மறந்தனர் என்று வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு (149), அந்த முறை எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதற்குச் சான்று. பொழுதையும் பருவத்தையும் ஊருக்கெல்லாம் அறிவிக்கும் பாட்டு, ஒருவருடைய தனி நினைவுக்குக் கதவாக இருப்பது கடினம்.

இதற்கு நேரெதிர், ஒரு சிறிய காலத்துக்குள் அடர்த்தியாகக் கேட்கப்பட்டுப் பின் மறைந்துபோன பாடல். படம் தோற்று இரண்டு வாரத்தில் எடுக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு பாடல் மட்டும் சில மாதங்கள் வானொலியில் ஒலித்து நின்றிருக்கும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது எதிர்பாராமல் காதில் விழும்போது, இடைக்காலத்தில் வேறெதனோடும் பிணையாத காரணத்தால், அந்தச் சில மாதங்களை மட்டுமே கொண்டுவந்து நிறுத்துகிறது. எப்போதும் கொண்டாடப்படும் பாடல்களைவிட இத்தகைய இரண்டாம் நிலைப் பாடல்களே துல்லியமான நினைவுகளைத் தருகின்றன என்ற கருத்து, குறிச்சுமை விதியிலிருந்து இயல்பாகப் பிறக்கும் எதிர்பார்ப்பு. ஆய்வாளர்களோ பட்டியலின் உச்சத்தில் இருந்த பாடல்களையே பெரும்பாலும் எடுத்துச் சோதிக்கிறார்கள். கேட்பவர்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவை அவர்களைக் கட்டிப்போடுகிறது. ஜனாட்டாவின் ஆய்வில் தனி நினைவை எழுப்பாத அந்த நூற்றுக்கு எழுபதில் ஒரு பகுதிக்கேனும் இது காரணமாக இருக்கலாம்.

ஒலிநாடா வந்தபோது நிலைமை மாறியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து, அதாவது 1976இல் அன்னக்கிளி படத்தின் வழியாக இளையராஜா அறிமுகமான காலத்தை ஒட்டி, பாடலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதன்முறையாகச் சாதாரண வீடுகளுக்குக் கிடைத்தது. ரெக்கார்டிங் சென்டர் என்று பெயர்ப்பலகை மாட்டிய கடைகளில் விருப்பப் பட்டியலை எழுதிக்கொடுத்து வெற்று நாடாவில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாடல்களின் வரிசையே ஒரு தனிச் சொத்தாயிற்று. ஒரு பாடல் முடியுமுன்பே அடுத்ததன் தொடக்க இசை மனத்தில் ஒலிக்கத் தொடங்குவதை அவர்கள் இன்றும் குறிப்பிடுவார்கள். வேறு எவருடைய நாடாவிலும் இல்லாத அந்த வரிசை, வேறு எதனோடும் பகிரப்படாத குறி. அதே நாடாக்கள் அடுத்த தலைமுறைக்கும் கடந்தன. கேரல் கிரம்ஹான்சல், ஜஸ்டின் ஜுப்னிக் ஆகியோர் 2013இல் ஏறத்தாழ 20 வயதுடைய அமெரிக்கர்களை ஆராய்ந்தபோது, அவர்கள் பிறப்பதற்கு முந்திய, அவர்களுடைய பெற்றோர் இளைஞராக இருந்த காலத்துப் பாடல்களும் தனியொரு மேடாக எழுந்து நின்றன. தந்தை ஓட்டிய காரிலும் சமையலறை மேடையிலும் ஒலித்த நாடாக்களின் வழியே வளர்ந்த தமிழ்க் குழந்தைகளிடமும் இந்த அடுக்கு மேடு இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அவர்கள் நினைவுகூர்வது பெற்றோரின் இளமையை அன்று, பெற்றோர் அப்பாடலைக் கேட்டுக்கொண்டிருந்த தம் குழந்தைப் பருவத்தையே.

இளமைக்கு மட்டும் ஏன் இந்த முதன்மை என்பதற்கு மூளை அவ்வயதில் நன்கு பதிவு செய்கிறது என்பது ஒரு விளக்கம். ‘தான் யார்’ என்ற எண்ணம் அப்போதே உருவாகிறது என்பது இரண்டாவது. படிப்பு, வேலை, திருமணம் என்று வாழ்வில் நேர வேண்டியவற்றைச் சமூகம் அவ்வயதிலேயே அடுக்கிவைத்திருக்கிறது என்பது மூன்றாவது. இவற்றை வேறுபடுத்திப் பார்க்கப் புலம்பெயர்ந்தவர்கள் உதவுகிறார்கள். ராபர்ட் ஷ்ராஃப், டேவிட் ரூபின் ஆகியோர் வயது வந்தபின் அமெரிக்காவில் குடியேறிய ஸ்பானிய மொழியினரை 1998இல் ஆராய்ந்து, நினைவு மேடு அவர்கள் குடிபெயர்ந்த வயதை ஒட்டி நகர்வதைக் கண்டனர். மூளையின் வளர்ச்சி மட்டுமே காரணமாயின் மேடு நகர்ந்திருக்காது. வாழ்வு சட்டென்று திசைமாறும் இடத்தில் நினைவும் திரள்கிறது. 1983க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழரிடம், புறப்படுமுன் கடைசியாகக் கேட்ட ஆண்டுகளின் பாடல்கள் தனி எடை பெற்றிருப்பதை இவ்வகையில் விளக்கலாம். பிரிவுக்குப் பின் அப்பாடல்கள் அந்தத் தெருக்களில் மீண்டும் கேட்கப்படவில்லை என்பதால், பழைய பிணைப்பின் மேல் புதியவை படியவும் இல்லை. திருமணமாகிப் பிறந்த வீட்டை விட்டு வந்த பெண்களுக்கும் இதன் சிறிய வடிவம் நேர்ந்திருக்கும். அது ஆய்வுக்கு இன்னும் காத்திருக்கிறது.

எழும் நினைவு எவ்வளவு உண்மை என்ற கேள்வியைப் பாடல் ஆய்வுகள் பெரும்பாலும் தவிர்த்துவிடுகின்றன. நினைவு என்பது பதிந்ததை அப்படியே எடுப்பதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே எழுதினார். தமிழ்க் குடும்பங்களில் நிகழ்ச்சிகளுக்கு ஆண்டு சொல்லப் படங்களைத் துணைக்கழைப்பது வழக்கம்; அன்னக்கிளி வந்த வருஷம் என்று சொன்னால் 1976 என்று கொள்வர். ஆனால் அப்படத்தின் பாடல்கள் அதன்பின் பல ஆண்டுகள் திருமண வீடுகளில் ஒலித்தன. 1981இல் நடந்த மணவிழாவில் அவற்றுள் ஒன்று கேட்டிருந்தால், அவ்விழா ஐந்து ஆண்டுகள் முன்தள்ளிப் போய்விடக்கூடும். பாடல் எழுப்பும் நினைவின் தெளிவும் உருக்கமும் அதன் காலக்கணக்குக்கு உத்தரவாதமாகா.

மூளையைப் படமெடுக்கும் ஆய்வுகள் இவ்விவாதத்துக்குச் சேர்த்தது ஓரளவே. ஜனாட்டா 2009இல், கேட்கும் பாடல் தன்வாழ்வு நினைவோடு பிணைந்திருக்கும்போது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் நடுப்பகுதி மேலும் கிளர்ச்சியடைவதைக் காட்டினார். தன்னைப் பற்றிய எண்ணங்களிலும் அப்பகுதி ஈடுபடுகிறது. ஆல்சைமர் நோயில் அப்பகுதி ஒப்பளவில் தாமதமாகவே சிதைவதால், நோயாளிகளிடம் பழைய பாட்டு ஏன் நெடுநாள் தங்குகிறது என்பதற்கு இது விளக்கமாகலாம் என்றும் கருதினார். 2015இல் லைப்சிக் நகர ஆய்வாளர்கள், நெடுங்காலம் பழகிய இசையை அடையாளம் காணும் வேறு சில பகுதிகளும் அந்நோயில் ஓரளவு தப்பிப்பதைக் கண்டனர். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாட்டை அடையாளம் கண்டு உடன்பாடுவது ஒன்று, அதனோடு தம் வாழ்வை நினைவுகூர்வது வேறொன்று. பேசாதிருந்த முதியவர் டி.எம். சௌந்தரராஜன் பாட்டைக் கேட்டு முழுச் சரணத்தையும் பாடுவதைக் கண்டு, நினைவு திரும்பிவிட்டது என்று குடும்பத்தார் நம்புவது இயல்பு. பெரும்பாலும் திரும்பியிருப்பது பாட்டு மட்டுமே. மறதி நோயில் இசை வழிச் சிகிச்சைகளைத் தொகுத்து மதிப்பிட்ட 2018ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு, மனச்சோர்வு குறைவதற்கு நல்ல வாய்ப்பு இருப்பதாகவும், அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்றும் முடிவுகட்டியது. மனச்சோர்வு குறைவதே சிறிய பயன் அன்று. அதைவிடப் பெரிதாக வாக்களிப்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

இன்று எந்தப் பாட்டையும் எந்த நேரத்திலும் கைபேசியில் கேட்கலாம். கேளாத இடைவெளிதான் ஒரு பாட்டின் குறித்தன்மையைக் காக்கிறது என்றால், இந்த வசதி அதை அரிக்கவே செய்யும்; பழைய பாடலை ஏக்கத்தோடு தேடிப்பிடித்து வாரம் முழுதும் கேட்பவர், அதனோடு இந்த வாரத்தையும் பிணைத்துவிடுகிறார். முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் தனி ஒருவருக்கான பாடல் பட்டியல் தயாரிக்கும் வழக்கம் பரவும்போது மேற்சொன்னவை நடைமுறைக் கேள்விகளாகிவிடுகின்றன. 1945இல் பிறந்தவருக்கு 14 வயது 1959இல். கல்யாணப் பரிசும் வீரபாண்டிய கட்டபொம்மனும் வந்த ஆண்டு அது. அயல்நாட்டு வாய்பாட்டின்படி அவ்விரு படங்களின் பாடல்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் வளர்ந்த ஊரில் வானொலி யார் வீட்டில் இருந்தது, கொழும்பு அலைவரிசை தெளிவாகக் கேட்டதா, கொட்டகை ஆண்டில் எந்த மாதங்களில் நடந்தது, திருமணமாகி அவர் எந்த ஊருக்குப் போனார், வீட்டில் யார் எந்தப் பாட்டை முணுமுணுத்தார்கள் என்பவற்றை அவருடைய உடன்பிறந்தவர்களிடமும் பிள்ளைகளிடமும் கேட்டறியாமல் தயாரிக்கப்படும் பட்டியல், அவருக்குத் தெரிந்த பாடல்களைத் தருமே ஒழிய அவருடைய பாடல்களைத் தராது.